குளிர் எதையும் கெடுக்காது

புதன்கிழமைகளில் மைனஸ் தன் பட்டறையைத் திறப்பதில்லை. எதிர்வரிசையில் நான்கு கடை தள்ளி இருக்கும் சுகாதார நிலையத்துக்குப் போய், குழந்தைகளுக்கு ஊசி போடும் அறையின் வெளியே, நீலப் பெயின்ட் அடித்த பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார். ஊசி போட்டுக்கொள்ளும் வயதை அவர் தாண்டி நாற்பது வருஷம் ஆகிறது. மடியில் குழந்தையும் கிடையாது. குழந்தை வீட்டில் இருக்கிறது. வயது நான்கு மாதம். அந்த வயதுக்குள் விழ வேண்டிய ஊசிகளில் ஒன்றுகூட இன்னும் விழவில்லை. போடக் கூடாது என்று அவர் மனைவி சொல்லிவிட்டாள். அந்தக் குழந்தையின் தொடையில் ஓர் ஊசி ஏற வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு இப்போது உலகத்தில் வேறு வேலை இல்லை. ஊரில் பத்துப் பதினைந்து ஃபிரிட்ஜுகள் அவருக்காக வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கின்றன என்பது வேறு விஷயம்.

பெற்றோர் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. மைனஸ் என்பது பக்கத்துக் கடைத் தையல்காரர் வைத்தது. அந்த வட்டாரத்தில் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவர்கள் எல்லோரும் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்கள். இவர் கிளம்பமாட்டார். ஒரு டம்ளர் தண்ணீரைக் கேட்டு வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்காரர்கள் கொட்டாவி விடுவார்கள், டீ கொடுப்பார்கள், கடைசியில் தங்கள் சண்டையை அவர் முன்னாலேயே போடத் தொடங்குவார்கள். தண்ணீர் கல்லானதும் டம்ளரை எல்லோர் முன்னிலையிலும் கவிழ்த்துக் காட்டுவார். ஒரு சொட்டு விழாது. "பாருங்க, மைனஸ்ல நிக்குது" என்பார். அதற்குப் பிறகுதான் செருப்பை மாட்டுவார்.

மீன் கடை, ஐஸ்கிரீம் கடை, ஆஸ்பத்திரிப் பிணவறை எல்லாம் அவர் கைங்கரியம். "பிணவறையில இவன் வேலைக்கு இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்ததில்ல, படுத்திருக்கிறவங்க அத்தனை பேருக்கும் திருப்தி" என்று தையல்காரர் சொல்வார். மைனஸ் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார். தொழிலில் அவருக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு. சூடுதான் திருடன், பாலை, மீனை, மருந்தை எல்லாம் கெடுப்பது அவன்தான். இவ்வளவு குளிர் வைத்தால் உள்ளே இருப்பது வீணாகாதா என்று யாராவது கேட்டுவிட்டால், அவர் முகத்தில் ஒரு பரிதாபச் சிரிப்பு வரும். "குளிர் எதையும் கெடுக்காதும்மா. கல்லானாலும் கெடாது." இருபத்தைந்து வருஷமாக, சமையலறை சமையலறையாகப் போய் அவர் பரப்பிவந்த உபதேசம் அது. தெருவில் அதை நம்பாத ஆள் கிடையாது. கடைசியில் அதுவே வினையாயிற்று.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில் சுகாதார நிலையத்துப் பெட்டி படுத்துக்கொண்டது. பெயர்தான் மருந்துப் பெட்டி. உண்மையில் சாதாரண வீட்டு ஃபிரிட்ஜ், கதவெல்லாம் துரு. உள்ளே பதினான்கு டிகிரி. அப்போது இருந்த சிஸ்டர் ஓய்வுபெற நான்கு வருஷம் பாக்கி இருந்த பெரியம்மா. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் தேடுகிறவர். மருந்துகளை ஐஸ் டப்பாவில் வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது போல மைனஸின் பட்டறை வாசலில் வந்து நின்றார். மைனஸ் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினார். அதற்குச் சொந்தக் காரணமும் இருந்தது. கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்து அவர் மனைவி ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள்.

கேஸ் ஏற்றினார். ரப்பர் மாற்றினார். தெர்மோஸ்டாட் திருகை வழக்கம்போலக் கடைசி வரைக்கும் திருப்பினார்.

"தம்பி, ரொம்பவும் குளிரக் கூடாதுப்பா. ரெண்டுல இருந்து எட்டுக்குள்ள இருக்கணும்" என்றார் சிஸ்டர்.

"சிஸ்டர், நீங்க ஊசியைப் பாருங்க. குளிரை எங்கிட்ட விடுங்க."

சிஸ்டர் சிரித்துவிட்டார். நல்ல மனிதரை மேலும் வற்புறுத்துவது அவருக்கு நாகரிகமாகப் படவில்லை.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் போயிருக்கலாம். ஆனால் அன்றைக்கு மைனஸின் மனம் நிறைந்திருந்தது. மனம் நிறைந்த மனிதனைப் போல ஆபத்தானவன் இல்லை. கேட்காமலேயே மூன்று உபகாரங்கள் செய்தார். தெர்மாமீட்டர் நடுத்தட்டில், மருந்துகளுக்கு இடையே குறுக்கே கிடந்தது. பெரியம்மா குனிந்து பார்க்க வேண்டாமே என்று அதைக் கதவின் உள்பக்கம் கண்ணுக்கு நேராக க்ளிப் போட்டு மாட்டினார். மருந்து அட்டைப்பெட்டிகளை, குளிர் நன்றாகப் படட்டும் என்று, ஐஸ் பிடிக்கும் பின்சுவரோடு ஒட்டி வரிசையாக அடுக்கினார். பிறகு துருவைச் சுரண்டி, கதவுக்கு இரண்டு கோட் வெள்ளைப் பெயின்ட் அடித்தார். பெயின்ட் அடிக்க வேண்டுமென்றால் கதவில் ஒட்டியிருந்த பழைய காகிதத்தை எடுக்க வேண்டும். ஈரத் துணி போட்டு ஊறவைத்து, பிளேடால் வழித்தார். அதில் பொடி எழுத்தில் ஏழெட்டு வரிகளும், பெரிய எழுத்தில் ஒரு வரியும் இருந்தன. பெரிய வரி இது: உறைய விடாதீர்கள். ஆபீஸ் காகிதம் என்றால் ஏதாவது விடாதீர்கள் என்றுதான் எழுதியிருக்கும் என்று நினைத்தபடி, அதைச் சுருட்டிக் குப்பையில் போட்டார்.

"என் பிள்ளைக்கும் இந்தப் பெட்டியில இருந்துதான் சிஸ்டர் போடணும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அப்படியேதான் நடந்தது. பெண் குழந்தை பிறந்தது. ஒன்றரை மாதத்தில், இரண்டரை மாதத்தில், மூன்றரை மாதத்தில், பிறகு ஒன்றரை வயதில் என்று ஒரு தேதி தவறாமல் நான்கு தடவை போட்டார்கள். தொடையைப் பிடித்துக்கொள்வது மனைவியின் வேலை. வெளியே நின்று காதைப் பொத்திக்கொள்வது அவருடைய வேலை. ஊசி அட்டையை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வீட்டுப் பத்திரத்தோடு வைத்தார். சிஸ்டரும் தன் கடமையில் குறை வைக்கவில்லை. காலையிலும் மாலையிலும் கதவைத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதினார்: நான்கு, நான்கு, ஐந்து, நான்கு. அவர் ஒரு நாளும் பொய் எழுதவில்லை. தெர்மாமீட்டரும் பொய் சொல்லவில்லை. கதவோரம் நிஜமாகவே நான்குதான் இருந்தது.

குழந்தைக்குப் பேச்சு வந்ததும் வாயாடி என்று பெயர் விழுந்தது. அவள் பேசாத நேரம் தூங்கும் நேரம். அதிலும் பாதி சந்தேகம். தையல் கடைக்குப் போய், "தாத்தா, உங்க மெஷின் ஏன் ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லுது?" என்று கேட்டவள். தனக்குத் தாத்தா என்று பெயர் வந்ததைத் தையல்காரர் கடைசி வரை மன்னிக்கவில்லை.

அவளுக்கு மூன்றரை வயதாகும்போது சுகாதார நிலையத்துக்குப் புதுப் பெட்டி வந்தது. கழித்துவிட்ட பழைய பெட்டியை மைனஸ் பாசத்தோடு கேட்டு வாங்கிப் பட்டறையில் வைத்துக்கொண்டார், குடிக்கிற தண்ணீருக்கு. அதில் வாயாடி ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். காகிதக் கப்பில் தண்ணீர் ஊற்றிப் பின்சுவரோடு ஒட்டி வைப்பாள். சாயங்காலம் கப்பைக் கவிழ்த்துக் காட்டுவாள்.

"அப்பா, கல்லாயிடுச்சு!"

"யாரு பெட்டி அது?"

"மைனஸ் பெட்டி!"

கோடை முழுவதும் தினம் ஒரு கப். அவர் தினமும் கைதட்டினார்.

நான்கு வயது எட்டு மாதத்தில் அவளுக்குத் தொண்டை வலித்தது. ஐந்து வயது ஊசிக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. வீட்டில் அப்போது சின்னவன் பிறந்து பதினாறு நாள். லேசான காய்ச்சல். முக்கு கிளினிக்கில் இருந்த இளம் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு இருந்தது. அவர் புத்தகத்தில் மட்டும் படித்திருந்த ஒரு நோய் அவர் ஞாபகத்தில் ஒரு நிமிஷம் தலையை நீட்டியது.

"ஊசியெல்லாம் ஒழுங்காப் போட்டிருக்கீங்களா?"

மைனஸ் அட்டையைப் பிளாஸ்டிக் உறையோடு நீட்டினார். அவ்வளவு சுத்தமான அட்டையை அந்த டாக்டர் பார்த்ததே இல்லை. எல்லாக் கட்டத்திலும் தேதி, எல்லாத் தேதியிலும் கையெழுத்து.

"அப்போ பயமில்ல. தொண்டைச் சதை வீக்கம்தான்" என்று சொல்லி மாத்திரை எழுதினார். புத்தகத்து நோய் தலையை இழுத்துக்கொண்டது.

அந்த அட்டையால் நான்கு நாள் போயிற்று. நான்காம் நாள் கழுத்து காளையின் கழுத்துப் போல வீங்கியிருந்தது. மூச்சு விடும்போது ரம்பம் அறுக்கிற சத்தம். பெரிய ஆஸ்பத்திரியில் தலை நரைத்த ஒரு டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்தார். எதுவும் கேட்காமல், "தொண்டை அடைப்பான், டிப்தீரியா" என்றார். அட்டையை நீட்டினார் மைனஸ். டாக்டரம்மா அட்டையையும் பார்த்தார், தொண்டையையும் இன்னொரு முறை பார்த்தார், தொண்டையை நம்பினார். நோயின் விஷத்தை முறிக்கும் மருந்து அந்த ஊரில் இல்லை. முன்னூறு மைல் தள்ளி ஓர் ஊரில் இருந்து வந்து சேர ஒன்றரை நாள் ஆயிற்று.

மருந்து வேலை செய்தது. இதைச் சொல்லத்தான் வேண்டும். சாம்பல் படலம் உரிந்தது, வீக்கம் வடிந்தது. ஆனால் அண்ணம் செயலிழந்து குரல் மூக்குக்குப் போய்விட்டது, தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தது. வாயாடிக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது. கைக்குழந்தை இருப்பதால் அம்மாவை அந்த வார்டுக்குள் விடவில்லை. போனில்தான் பேச்சு.

"என்ன சொல்றா? ஒன்னும் புரியலயே. போனை நீங்க வாங்குங்க, என்ன சொல்றா?"

"தண்ணி மூக்கால வருதாம். உனக்குச் செஞ்சு காட்டணுமாம்."

விஷம் இதயத்தைத் தொட்டிருக்கும், எழுந்து உட்காரக் கூடாது, மூன்று வாரம் படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆடாமல் அசையாமல் படுக்க வைக்க வேண்டிய குழந்தை இதுதானா கிடைத்தது? மைனஸ் தனக்குத் தெரிந்த அத்தனை கதையையும் சொன்னார்; எல்லாக் கதையிலும் ஒரு கம்ப்ரஸர் இருந்தது. பதினாறாம் நாள் காலை, வெயில் ஜன்னலுக்கு வந்த நேரத்தில், கீழே விழுந்த செருப்பை எடுத்துத் தருவதற்காக அவர் குனிந்தார். அந்தச் செருப்பு எந்தப் பக்கம் போயிற்று என்று பார்க்க அவள் எழுந்து உட்கார்ந்தாள். அவர் நிமிர்ந்தபோது அவள் சாய்ந்திருந்தாள். செருப்பு அவர் கையில் இருந்தது.

தெருவில் ஐந்து குழந்தைகளுக்கு அந்த நோய் வந்தது. மூன்று பிழைத்தன, அதில் ஒன்று தையல்காரரின் மகன். ஐந்து பேருடைய அட்டையும் நிரம்பியிருந்தது. அதைத்தான் தெரு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஊசி போட்டும் வந்தது என்றால் ஊசி எதற்கு? கேள்வியில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. இதற்குப் பதில் சொல்லக் கூடிய ஒரே மனிதர் அப்போது வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பதில் தன்னிடம் இருப்பது அவருக்கே தெரியாது.

ஒன்றரை மாதம் கழித்து, புதுப் பெட்டி கீச்கீச் என்று கத்துகிறது என்று, பெரியம்மா ஓய்வுபெற்ற பிறகு வந்த புது சிஸ்டர் ஆள் அனுப்பினார். இவர் இளவயதுக்காரர், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்ப்பவர். மைனஸ் போனார். கதவு ரப்பரில் சின்ன விரிசல், அவ்வளவுதான். சரிசெய்துவிட்டு, இருபத்தைந்து வருஷப் பழக்கத்தில் கை தானாகத் திருகுக்குப் போயிற்று.

"அண்ணே! கையை எடுங்க! உறைஞ்சிடும்!"

சிஸ்டர் கத்திய கத்தலில் வாசலில் இருந்த நாய் எழுந்து போயிற்று.

"உறைஞ்சா நல்லதுதானே சிஸ்டர்? கெடாதே."

"என்ன அண்ணே நீங்க! சூடு பட்டாக்கூடக் கொஞ்ச நாள் தாங்கும். ஒரு தடவை உறைஞ்சா இந்த மருந்து செத்துடும். அப்புறம் போட்டாலும் ஒன்னுதான், போடாட்டியும் ஒன்னுதான். தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி எதையும் தடுக்காது. அதான் இங்க எழுதியிருக்கே, பாருங்க."

புதுப் பெட்டியின் கதவில், புதுக் காகிதத்தில், பெரிய எழுத்தில் அந்த வரி இருந்தது. மைனஸ் அதைப் படித்தார். பிளேடால் வழித்தபோது பசை முதலில் விட்டது எந்த எழுத்தில் என்பதுவரை ஞாபகம் வந்தது.

"ரெண்டு தெர்மாமீட்டர் குடுங்க சிஸ்டர். நாளைக்குத் தந்துடறேன்."

பட்டறைக்கு வந்து, பழைய பெட்டிக்குள் ஒன்றைக் கதவில் மாட்டினார். இன்னொன்றைப் பின்சுவரோடு, காகிதக் கப் நிற்கிற இடத்தில் வைத்தார். திருகு அன்றைக்கு அவர் திருப்பிவைத்த இடத்திலேயே இருந்தது. இரண்டு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கதவில் நான்கு. பின்சுவரில் மைனஸ் நான்கு. அவருடைய வேலையை அளந்து பார்த்தவர்கள் யாருமே இல்லை. இப்போது அவரே பார்த்துவிட்டார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. முதல்தரமான வேலை.

குற்றத்தை மறைப்பது கஷ்டம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஒப்புக்கொள்வது அதைவிடக் கஷ்டம் என்பதை மைனஸ் அடுத்த சில நாட்களில் தெரிந்துகொண்டார். ஊசி ஆபீஸின் மேலதிகாரி நாற்காலி கொடுத்து, தண்ணீர் கொடுத்து, நோட்டைப் புரட்டிக் காட்டினார்.

"பாருங்க. பழைய பெட்டி இருந்த அத்தனை நாளும் நாலு, அஞ்சு, நாலு. ஒரு நாள்கூட ரெண்டுக்குக் கீழ போகல. இவ்வளவு சுத்தமான ரெக்கார்டு வேற எந்த சென்டர்லயும் இல்ல."

"சார், அது கதவுல இருந்த குளிர் சார். மருந்து இருந்தது பின்னால."

"நீங்க ரொம்ப மனசு ஒடிஞ்சு போயிருக்கீங்க. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

"சார், அந்தப் பெட்டி என் பட்டறையில இருக்கு. வந்து பாருங்க சார்."

"கழிச்சுவிட்ட பெட்டிக்கு நான் ரிப்போர்ட் எழுத முடியாதுங்க."

தையல்காரர் கொஞ்சம் காட்டமாகவே பேசினார்.

"யோவ் மைனஸ், குளிர் எதையும் கெடுக்காதுன்னு நீதானய்யா ஊரெல்லாம் சொன்ன? என் வீட்டுல வந்து டம்ளரைக் கவுத்துக் காமிச்சியே!"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"அப்போ இருபத்தஞ்சு வருஷம் சரி, இப்ப மட்டும் தப்பா? ஊசிக்காரங்க பண்ணின தப்பை உன் தலையில போட்டுக்காதய்யா. பிள்ளையைப் பறிகொடுத்தவன் நீ. யாராவது உன்னைக் குத்தம் சொன்னா நான் கேக்கறேன் அவனை."

யாரும் குற்றம் சொல்லவில்லை. அதுதான் சங்கடம். அவர் சொல்லச் சொல்லத் தெருவுக்கு அவர் மேல் இரக்கம் ஏறியது; இரக்கம் ஏற ஏற ஊசி மேல் ஆத்திரம் ஏறியது. பாவம், மகள் போன துக்கத்தில் என்னென்னமோ பிதற்றுகிறான், இந்த ஊசியால் ஒரு நல்ல மனிதனுக்கு வந்த கதியைப் பார் என்றார்கள். புதன்கிழமைகளில் சிஸ்டர் மருந்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பெட்டியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட நானூறு குழந்தைகள் அந்த வட்டாரத்தில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தன. எல்லோருக்கும் திரும்பப் போட வேண்டும். ஒருவரும் வரவில்லை. மைனஸ் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தது அப்போதுதான்: முதலில் யாராவது ஒருவர் வர வேண்டும், அது தன் வீட்டிலிருந்து வர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

மனைவியிடம் அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அவள் பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அப்படிச் சொல்லாதீங்க" என்றாள்.

மறுநாள் சொன்னார். "அப்படிச் சொல்லாதீங்க." அதற்கடுத்த வாரமும் அதே. அவள் வாதாடவில்லை, கோபப்படவில்லை. கொதிக்கிற பாத்திரத்தின் மேல் மூடியைப் போடுவது போல அந்த இரண்டு வார்த்தையைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போனாள். சின்னவனுக்கு ஊசி என்றால் மட்டும் குரல் மாறும்.

"நாலு தடவை இந்தக் கையாலதான் அவ தொடையைப் பிடிச்சுக் குடுத்தேன். 'ஒன்னுமில்லடி, எறும்பு கடிக்கிற மாதிரி'ன்னு பொய் சொல்லிக் குடுத்தேன். போதும். இவனைக் குடுக்க மாட்டேன்."

"ஊசி மேல தப்பில்லம்மா. நான் சொல்றதை நம்பு."

"நம்பணுமா?"

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஊசி பொய்னு நான் நம்பினா, யாரோ ஊர் பேர் தெரியாதவன் பண்ணின பாவம்னு இருந்துடுவேன். நீங்க சொல்றதை நம்பினா யாரு பண்ணினதுங்க? சொல்லுங்க. அப்புறம் எப்படி நான் உங்களுக்குத் தட்டு வைக்கிறது? எப்படி இந்த வீட்டுல படுத்து எந்திரிக்கிறது? எனக்கு மட்டும் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா? கப்புல ஐஸ் வெச்சு அவ எங்கிட்டயும் காமிச்சா. நான்தான் தெரிஞ்சுக்காம இருக்கேன். விட்டுடுங்க."

மைனஸுக்கு அப்போது ஒரு விஷயம் புரிந்தது. உலகத்தில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆதரவு, அவள் அவரை நம்பாமல் இருப்பதுதான். அதைத் தன் கையாலேயே உடைத்தால்தான் சின்னவனுக்கு ஊசி ஏறும். பதினொரு நாள் யோசித்தார். விடச் சொன்னாளே, விட்டுவிட்டால் என்ன என்றும் யோசித்தார். பன்னிரண்டாம் நாள் சின்னவனுக்குச் சளி பிடித்து, மூச்சில் லேசாக ஒரு கறகறப்பு வந்தது. வெறும் சளிதான், இரண்டு நாளில் போய்விட்டது. ஆனால் அந்த இரண்டு நாளும் அவர் தொட்டிலுக்குப் பக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. அந்த ரம்பச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சிஸ்டரிடம் காலாவதியான மருந்து இரண்டு புட்டி கேட்டார். ஒரே தேதி, ஒரே பெட்டி. சிஸ்டர் தயங்கி, பிறகு கொடுத்தார்; உறைந்த மருந்தைக் குலுக்கிவைத்துக் கண்டுபிடிக்கும் முறையையும் சொன்னார். ஒன்றைச் சிஸ்டரின் பெட்டியிலேயே விட்டுவைத்தார். இன்னொன்றைப் பட்டறைக்குக் கொண்டுபோய், பழைய பெட்டியில், பின்சுவரோடு, அந்த இடத்தில் வைத்தார். மறுநாள் அது கல்லாகியிருந்தது. வெளியே எடுத்து உருக விட்டார். பார்த்தால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டும் நீர்த்த பால் போல, ஒரே மாதிரி. இதைப் பார்த்துவிட்டுத்தானே பெரியம்மா ஊசியில் ஏற்றியிருப்பார், பாவம்.

நல்ல வெளிச்சத்தில், மதியம், சமையலறை மேடையில் இரண்டையும் வைத்தார்.

"இது நல்லா இருந்தது. இது நம்ம பழைய பெட்டியில உறைஞ்சது. ரெண்டையும் நீயே குலுக்கு."

"வேண்டாம்."

"எனக்காக இல்ல. சின்னவனுக்காகக் குலுக்கு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டையும் இரண்டு கையில் எடுத்துக் குலுக்கினாள். ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். அடுப்பில் பால் வைத்தாள், இறக்கினாள், துணி மடித்தாள். அவர் வாசற்படியில் நின்றார். கால்மணி நேரம் போயிற்று. அரைமணி நேரம் போயிற்று. அவள் வந்து குனிந்து பார்த்தாள்.

நல்ல புட்டி அப்படியே கலங்கலாக, வெள்ளையாக இருந்தது. இன்னொன்றில் வெள்ளையெல்லாம் செதில் செதிலாகப் பிரிந்து அடியில் படிந்து, மேலே வெறும் தண்ணீர் நின்றது.

அதிகாரிக்கு நோட்டு வேண்டும். தையல்காரருக்கு வாதம் வேண்டும். சமையலறையில் இருபது வருஷம் நின்றவளுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை.

"திரிஞ்சு போச்சு" என்றாள்.

அவர் தலையாட்டினார்.

"இதையா பிடிச்சுக் குடுத்தேன்?"

அதற்கும் தலையாட்டினார். அவள் புட்டியை மறுபடி குலுக்கினாள், மறுபடி வைத்தாள், இந்த முறை உட்கார்ந்து, செதில்கள் இறங்குவதைக் கடைசி வரை பார்த்தாள். சின்னவன் தொட்டிலில் தனக்குள் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். அவனுக்கும் வாய் நீளம்தான் போலிருக்கிறது.

"புதன்கிழமை போடலாம்" என்றாள். "நானே தூக்கிட்டுப் போறேன். நீங்க வர வேண்டாம்."

செவ்வாய்க்கிழமை வரை அந்த வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மேடையில் அவருக்குச் சாப்பாடு மூடிவைத்திருக்கும். தட்டு மட்டும் வைத்திருக்காது. அவரே எடுத்து வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை அவர் வழக்கம்போலப் பெஞ்சில் இருந்தார். வர வேண்டாம் என்றுதான் சொன்னாள், இருக்க வேண்டாம் என்று சொல்லவில்லையே. ஒன்பதரைக்கு அவள் வந்தாள். ஒரு தோளில் சின்னவன். இன்னொரு தோளில் பெரிய துணிப் பை. குழந்தைக்கு மாற்றுத் துணி எடுத்துவர இவ்வளவு பெரிய பையா என்று அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு யோசிப்பதை நிறுத்திக்கொண்டார்.

உள்ளே சிஸ்டரின் குரல் கேட்டது. "பெட்டியைத் திறந்து காட்டட்டுமா அக்கா? தெர்மாமீட்டர் நடுவுல, மருந்தோட சேர்த்து வெச்சிருக்கேன்." அவள் பார்த்திருக்க வேண்டும், பெட்டிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அப்புறம் சின்னவன் அலறினான். மைனஸ் இந்த முறை காதைப் பொத்திக்கொள்ளவில்லை. எறும்பு கடிக்கிற மாதிரி என்று யாரும் சொன்னதாகவும் கேட்கவில்லை.

வெளியே வந்தவள் அவருக்கு எதிரே ஒரு நிமிஷம் நின்றாள். அவள் கையில் இரண்டு அட்டைகள் இருந்தன: ஒன்று புதிது, ஒரு கட்டம் மட்டும் நிரம்பியது. மற்றது பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

"அடுத்தது ஒரு மாசம் கழிச்சாம்" என்றாள். "எங்க அண்ணன் வீட்டுக்குப் பக்கத்துலயும் போடறாங்க. அங்க பெட்டியை யாரு ரிப்பேர் பார்க்கறாங்கன்னு கேட்டுக்கறேன்."

சொல்லிக்காட்டுகிற குரல் இல்லை அது. ஒரு தாய் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டிய சாதாரண விவரம். சின்னவன் அழுதழுது ஓய்ந்து, அவள் தோளுக்கு மேலே அவரையே பார்த்துக்கொண்டு போனான். முக்கில் வண்டி நின்றது. பை முதலில் ஏறிற்று.

சிஸ்டர் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். தையல்காரர் மனைவி மகனைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தாள். அவனுக்கு இன்னும் பேச்சு மூக்கில்தான்.

"உங்க பிள்ளைக்குப் போட்டுட்டீங்களா அண்ணே?"

"போட்டாச்சும்மா. உன் பையனுக்கும் போட்டுடு. நோய் வந்து போனவனுக்கும் போடணும்னு சிஸ்டர் சொன்னாங்க."

"பார்க்கலாம்ணே" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். அவர்கள் தெரு முனை திரும்பும்வரை அந்தப் பையன் மூக்கால் எதையோ கேட்டுக்கொண்டே போவது கேட்டது.

எதிரே தையல் கடையிலிருந்து குரல் வந்தது.

"யோவ் மைனஸ்! உன் பட்டறை வாசல்ல ஒருத்தர் ஃபிரிட்ஜோட நிக்கறாரு. தண்ணி கல்லாக மாட்டேங்குதாம்!"

அவர் எழுந்திருக்கவில்லை. மணி பத்தே முக்கால்தான் ஆகியிருந்தது. ஊசி அறை பன்னிரண்டு வரைக்கும் திறந்திருக்கும்.